மீன்பெட்டியில் செய்த விமானம்

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்காரர்களே, போன ஞாயிற்றுக்கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் கிளாஸ் லீடர் ஒரு படம் போட்டான். அவன் பிள்ளை கடையில் வாங்கிய ட்ரோனை மொட்டைமாடியில் பறக்கவிடுகிற படம். கீழே, "நம்ம கேம்ப் ஏரோப்ளேன் ஞாபகம் இருக்குதா?" என்று எழுதியிருந்தான். உடனே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். நாற்பதை நெருங்கிவிட்டோம். உங்களில் பாதிப் பேருக்கு முன்மண்டை காலி. நான் காலையில் சுகர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் காபியைத் தொடுகிறேன். இந்த வயதில் சிரிப்பதற்கு முன்னால், என்ன நடந்தது என்பதை ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியவள் நான்தான்.

அந்த வருடம் என் இடம் மூன்றாவது பெஞ்சு, சன்னல் ஓரம். பக்கத்தில் அவள். நாம் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ கேம்ப்" என்போம். வருகைப் பதிவின்போது மட்டும் மிஸ் அவள் பெயரைப் படிப்பார், அதுவும் தப்பாக. இப்போது நான் அந்தப் பெயரை இங்கே எழுதினால் அது அவளுக்குச் செய்கிற இன்னொரு கெடுதல். பெஞ்சுக்காரி என்றே சொல்கிறேன்.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் சண்டைக்குப் பயந்து கடல் தாண்டிப் படகில் வந்தவர்கள். அவள் இங்கேதான் பிறந்தாள், அகதிகள் கேம்ப்பில், ஒரே அறை கொண்ட வீட்டில். அப்பா பெயின்டர். மூங்கில் ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். மாதத்தில் சில நாள் அவள் பள்ளிக்கு வரமாட்டாள். "நாளைக்குத் தலை எண்ணுவாங்கடி" என்பாள். அதிகாரிகள் வந்து எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து ஆள் சரிபார்க்கிற நாள் அது. சாயங்காலம் ஆறு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். மற்றபடி அவள் நம்மைப்போலவேதான் பேசினாள். "நாஷ்டா துன்னியாடி" என்றுதான் காலையில் கேட்பாள். ஏதாவது வேலையில் மூழ்கினாலோ பயந்தாலோ மட்டும் அவளுடைய வீட்டுத் தமிழ் வெளியே வந்துவிடும்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சிப்காட்டில் ஓர் உருக்காலையில் கிரேன் ஓட்டினார். வெளிநாட்டிலிருந்து கண்டெய்னர் கண்டெய்னராகப் பழைய இரும்பு வரும். நசுங்கிய கார், கட்டில் கால், சைக்கிள், ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலி. அவற்றையெல்லாம் காந்தத்தால் தூக்கி உலையில் போடுவது அவர் வேலை. இரும்போடு இரும்பாக வரும் பிளாஸ்டிக்கை ஒதுக்கி ஓரமாகக் குவிப்பார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒருநாள் நைனா ஒரு பொருளை டிபன் பைக்குள் வைத்து எடுத்துவந்தார். இறக்கை போய் வயிறும் வாலும் மட்டும் மிஞ்சிய ஒரு பொம்மை விமானம். கூடவே இரண்டு குச்சிகளும் நீளமான ஏரியலும் உள்ள ஒரு கறுப்பு ரிமோட் பெட்டி. "தம்பிக்கு வெச்சி ஆடச் சொல்லு, வெளிய எடுத்தும் போவாத" என்றார். தம்பி அன்றைக்கே ஒரு குச்சியின் தலையைக் கடித்துவிட்டான்.

நான் அதைப் பைக்குள் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். பெருமைக்குத்தான். பெஞ்சுக்காரி மதியச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. காம்பஸ் முனையால் விமானத்தின் வயிற்றைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்ன மோட்டார், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு இரண்டு பெட்டிகள், பச்சைப் பலகை ஒன்று, வால்போல ஒரு வயர்.

"இது சாகேல்லை," என்றாள். "இதுக்கு உடம்புதான் இல்லை."

நான் சிரித்தேன். "சாகேல்லையா? இன்னாடி பாஷை இது?"

அவள் காதிலேயே வாங்கவில்லை.

உடம்பு செய்ய எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. பழவேற்காட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு ஐஸ் போட்டு மீன் வரும் தெர்மாகோல் பெட்டிதான் எங்களுக்குப் பலகை. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மீன் வாடை போகவில்லை. பழைய இஸ்திரிப் பெட்டியின் கம்பிச் சுருளை நீட்டி, பேட்டரி வைத்துச் சூடாக்கி, அதனால் தெர்மாகோலை அறுத்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். அந்தப் புகை மூக்கில் ஏறினால் ராத்திரிவரை தலைவலி. இறக்கைக்குள் விளக்குமாற்று ஈர்க்குகளைச் செருகி, மேலே பழுப்பு நிற டேப் சுற்றினாள். முன்னால் சுழலும் விசிறி உடைந்திருந்தது. அவள் அப்பாவின் பெயின்ட் பக்கெட்டின் வளைவான பக்கத்தை வெட்டி, பிளேடால் சீவிச் சீவிப் புது விசிறி செய்தாள். பேட்டரியும் நைனாவின் டிபன் பையில்தான் வந்தது. கையில் பிடிக்கிற துளை போடும் மெஷின்கள் மூன்று கிடைத்தன. அவற்றைப் பிரித்து உயிருள்ள செல்களாகப் பொறுக்கி ஆறைச் சேர்த்துக் கட்டினாள்.

செய்ததெல்லாம் அவள். நான் டேப் கிழித்துக் கொடுத்தேன். ஆனாலும் பொருள் என்னுடையது என்பதை அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தினேன். அவள் கோபித்துக்கொண்டால், "அப்ப குடு, நான் எடுத்துக்கினு போறேன்" என்பேன். உடனே அடங்கிவிடுவாள். அந்த அடங்கல் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கோடையில் வற்றிய ஏரிக்குள், சிப்காட்டின் பின்பக்கச் சுவர்களுக்கு இந்தப் பக்கம் முதன்முதலாக விட்டோம். நான் ஓடிப்போய் எறிந்தேன். மூக்கு மேலே தூக்கி, நின்று, வால்பக்கமாக விழுந்தது. அவள் இரண்டு விரல்மேல் இறக்கையை வைத்து நிறுத்திப் பார்த்து, மூக்கில் நான்கு நட்டுகளை ஒட்டினாள். அடுத்த சனிக்கிழமை அது பறந்தது. முதலில் தெர்மாகோல் நடுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு விசிறியின் ஒரே சீரான முனகல். கருவேல மரங்களுக்கு மேலே ஏறி, ஆலைப் புகைக்குள் மறைந்து, திரும்பி வந்தது. அதைத் துரத்திக்கொண்டு நாய்கள் ஓடின, மீன் வாடைக்கு. பெஞ்சுக்காரி சிரிக்கவில்லை. நாக்கைப் பல்லில் கடித்தபடி, கண் சிமிட்டாமல் நின்றாள். கறுப்புத் தூசி படிந்த அவள் முகத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது. வெயிலுக்குத்தான் என்றாள்.

சயின்ஸ் மிஸ் வந்து பார்த்தார். திருவள்ளூரில் நடக்கும் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு இதையே அனுப்பலாம் என்றார். நோட்டில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதினார். அவள் பெயர் முதலில்.

மறுநாள் எச்.எம். அந்தப் பெயரை அடித்தார். நான் அறைவாசலில் நின்று கேட்டேன்.

"கேம்ப் பொண்ணு மிஸ். வெளியூர் கூட்டினு போறதுக்கு பர்மிஷன் வாங்கணும். அந்தப் பேஜாரு நமக்கு எதுக்கு? இன்னொரு பொண்ணு கீதில்ல, அத்தக் கூட்டினு போங்க."

மிஸ் என்னிடம் திரும்பி, "ஓட்டத் தெரியுமாடி உனக்கு?" என்றார்.

"தெரியும் மிஸ்" என்றேன். தெரியாது.

பெஞ்சுக்காரியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் டெஸ்க்கின்மேல் விரலால் எதையோ வரைந்தாள். "சரி, ஏரிக்கு வா. சொல்லித்தரேன்" என்றாள். ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தாள். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகும், அப்போது பயப்படாதே என்றாள். நான்கு நிமிடத்துக்கு மேல் விடாதே, பேட்டரி இறங்கினால் ரிமோட்டின் பேச்சை அது கேட்காது என்றாள். இறக்கையில் பள்ளியின் பெயரை அவள் அப்பாவின் பெயின்டால் நீல எழுத்தில் எழுதினாள். என் பெயரையும் எழுதச் சொன்னேன். எழுதினாள்.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னால் நீங்கள் எல்லாரும் ஏரிக்கு வந்தீர்கள். கிளாஸ் லீடர் ஒரு கருவேல மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். "ஏ கேம்ப், எங்க குண்டு போடப்போற? கணக்கு வாத்தியார் ஊட்டு மேலயா?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மறுபடி சண்டை மூண்டிருந்த நேரம். டிவியில் தினமும் அதுதான். அந்த வார்த்தை அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. அவள் அன்றைக்கு ரிமோட் பெட்டியைத் தொடவில்லை. என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பெட்டி என் கையில் இருந்தது. நன்றாகவே பறந்தது. நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் போதவில்லை.

"இறக்குடி. நாலு நிமிஷம் ஆச்சு," என்றாள்.

"சும்மா இரு."

"பேட்டரி இறங்கிட்டுது. அங்கால விடாதை, இறக்கு!"

நான் இன்னும் தூரம் விட்டேன். திருப்பப் பார்த்தேன், திரும்பவில்லை. இரண்டு குச்சிகளையும் இழுத்துப் பிடித்தேன். அது நிதானமாக, யாருக்கும் சொந்தமில்லாததுபோல, ஆலைச் சுவருக்கு மேலாகப் போய் உள்ளே இறங்கியது. சுவருக்குள் எண்ணெய் டேங்குகள் இருந்தன. விசில் சத்தம் கேட்டது. நாம் எல்லாரும் ஓடிப்போனோம். நான்தான் முதலில் ஓடினேன். பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

டேங்க் பக்கத்தில் வயரும் பேட்டரியும் டேப்பும் சுற்றிய ஒரு பொருள். அதில் நீல எழுத்தில் நம் பள்ளியின் பெயர். ஆலைக்காரர்கள் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். செய்தி சிப்காட் முழுக்கப் பரவிச் சாயங்காலத்துக்குள் நைனாவின் காதுக்கும் வந்தது. அவர் வேலை செய்த ஆலை அது இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் என்னைச் சுவரோரம் நிற்கவைத்தார்.

"அந்த ரிமோட்டு எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"நீ மில்லுலருந்து எடுத்தாந்தன்னு..."

அறை விழுந்தது. காதுக்குள் வண்டு பறந்தது. பிறகு அவரே கீழே உட்கார்ந்து தன் துண்டால் என் கன்னத்தைத் துடைத்தார்.

"திருட்டுன்னு சொல்லி என்ன வேலைய வுட்டுத் தூக்கிருவாங்க. நாம நாலு பேரும் ரோட்டுக்குத்தான் போவணும். அந்தப் பொண்ணு எடுத்தாந்துச்சுன்னு சொல்லிரு. அவங்களுக்கு இன்னா ஆவப்போவுது? ஏற்கெனவே கேம்ப்லதானே கீறாங்க?"

நைனா கெட்டவர் இல்லை. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, அவரைக் காட்டிக்கொடுக்க நான் இதை எழுதவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. அவர்களிடம் இழக்க எதுவும் இல்லை என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

மறுநாள் எச்.எம். அறையில் சாதாரணச் சட்டையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மென்மையாகப் பேசினார். எனக்குப் பிஸ்கட் கொடுத்தார். மூன்றே கேள்விகள்தான். யார் செய்தது? யார் ஓட்டியது? பெட்டி யாருடையது? முதல் கேள்விக்கு உண்மையைச் சொன்னேன், அவள்தான் என்று. அடுத்த இரண்டுக்கும் அதே பதிலைச் சொன்னேன். பதிலை மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பதால் சுலபமாக இருந்தது.

பிறகு உங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிளாஸ் லீடர் சொன்னது மட்டும் இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "அவதான் சார் ஓட்டினா. பிளேன்ல குண்டு வெச்சிப் போடலாம்னு சொல்லிக்கினே இருப்பா சார்."

கடைசியாக அவளைக் கூப்பிட்டார்கள். என்னையும் உள்ளே வரச்சொன்னார்கள். அவள் முகம் சாம்பலாக இருந்தது. வாயைத் திறந்ததும், பயத்தில், அவள் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"சேர், அது இவளின்ர அப்பா மில்லில இருந்து கொண்டுவந்தது. நேற்று இவள்தான் ஓட்டினவள். இவளையே கேளுங்கோ சேர்."

மென்மையாகப் பேசியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்கயே பொறந்த பொண்ணுன்னு சொன்னீங்க? பேச்சு அப்படித் தெரியலியே" என்று எச்.எம்.மைப் பார்த்தார். பிறகு என்னிடம், "இன்னாம்மா, அவ சொல்றது நிஜமா?"

"பொய் சொல்றா சார்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சயின்ஸ் மிஸ் எழுந்துவந்து அவள் கன்னத்தில் அறைந்தார். "இடம் குடுத்து, படிப்பும் குடுத்தா, பழிய அடுத்தவ மேல போடுவியா?" என்றார். மிஸ்ஸுக்கு உண்மை தெரியும். விமானத்தைப் பார்க்க வந்த அன்றைக்கே, பெட்டி என் வீட்டிலிருந்து வந்தது என்று நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அன்று மாலையே அவள் அப்பாவை அழைத்துப்போனார்கள். அந்த ஒற்றை அறையைச் சோதித்தபோது கிடைத்தவை: பெயின்டருடைய தின்னர் டப்பாக்கள், இஸ்திரிப் பெட்டியின் கம்பிச் சுருள், செத்துப்போன பேட்டரி செல்கள், அவள் கையால் வரைந்த விமானப் படங்கள். வழக்கு எதுவும் போடவில்லை. வேறு ஊரில், சிறப்பு முகாம் என்று பேர் சொல்லிக் கம்பி போட்ட ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாவது பெஞ்சில் நான் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்தேன். கண்காட்சிக்கு மழைநீர் சேகரிப்பு மாடலைக் கொண்டுபோனோம். ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டப்பா கிடைத்தது. திரும்பும்போது திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் மிஸ் எங்களுக்குப் போண்டா வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த வருடம் அவளைக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் பார்த்தேன். தலையில் துணித் தொப்பி, கையில் டிபன் பை. பேக்கிங் வேலை. என்னைப் பார்த்தாள். யாரோ ஒரு தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள். அவள் அப்பா பதினான்கு மாதம் கழித்து வந்தார். நம் பள்ளிக் காம்பவுண்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆட்களில் அவரும் ஒருவர், உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சுவரின் கீழ்ப்பாதியை மட்டும் அடித்தார். மேல்பாதியை வேறொருவர் அடித்தார். பிறகு அவர்கள் அந்தக் கேம்ப்பிலேயே இல்லை. கப்பலில் திரும்பிப் போய்விட்டார்கள் என்றார்கள். படகில் வேறு ஏதோ நாட்டுக்குக் கிளம்பினார்கள் என்றும் சொன்னார்கள். நான் தேடவில்லை. தேடினேன் என்று பொய் சொல்ல இனி எனக்குத் தெம்பில்லை.

இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது. அதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் அப்பா உள்ளே இருந்தபோது, நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் லைன் வீட்டு வாசலில் அவளும் அவள் அம்மாவும் வந்து நின்றார்கள். அவள் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு மனு. நான் உள்ளறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

"ஆன்ட்டி, அவ கலெக்டர் ஆபீசுக்கு வந்து ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னாப் போதும்," என்றாள். "உங்க ஊட்டுக்காரர் பேரைச் சொல்ல வேணாம். ரிமோட்டு கீழ கிடந்து எடுத்ததுன்னு சொல்லட்டும். அப்பாவை விட்டுருவாங்கன்னு வக்கீல் சொல்றார்."

"அவ இங்க இல்லம்மா," என்றாள் என் அம்மா. "ஊத்துக்கோட்டைக்கு அத்த ஊட்டுக்குப் போய்க்கீறா."

வாசற்படியில் என் செருப்புகள் கிடந்தன. ஒரு வார் அறுந்தபோது பெஞ்சுக்காரிதான் செப்புக் கம்பியால் தைத்துக்கொடுத்தாள். அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள், சரியாக நான் இருந்த இடத்தை. கூப்பிடவில்லை.

"வர்ற வரைக்கும் நிக்கிறோம் ஆன்ட்டி" என்றாள்.

எதிரே தண்ணீர் டேங்க்கின் பக்கத்தில் நின்றார்கள். காலை பத்து மணி இருக்கும். டேங்க்கின் நிழல் சுருங்கச் சுருங்க அவள் அம்மாவை நிழலுக்குள் தள்ளிவிட்டு அவள் வெயிலுக்கு நகர்ந்துகொண்டே வந்தாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. உள்ளே நான் ஒண்ணுக்குக்கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு நின்றேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்வதற்குப் பத்து அடி தூரம்தான் இருந்தது. இரண்டு மணிக்கு மேல் அவள் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மனுவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளும் போனாள்.

அம்மா வந்து கதவைத் தட்டினாள். "போய்ட்டாங்க. வா, துன்னு."

அன்றைக்கு நெத்திலிக் குழம்பு. தட்டில் போட்டதைத் தின்று முடித்துவிட்டு இன்னும் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சோற்றை வைத்தாள். அதையும் தின்றேன். எனக்கு நல்ல பசி.